பர்வீன் கட்டிய கப்பல்

சென்ற மாதம் ஒரு காலை, தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது மூர்த்தி சார் அழைத்தார். எங்கள் கம்பெனியை நடத்திவந்தவர் அவர்; அதை மூடிய பிறகு அவர் என்னை அழைப்பது பண்டிகை நாட்களில் மட்டும்தான். அதனால் எடுத்தவுடனே, "என்ன சார், வீட்ல விசேஷமா?" என்று கேட்டுவிட்டேன்.  அவர், "ஜெயசீலன், பர்வீன் போயிட்டாங்கப்பா" என்றார்.

கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த பர்வீனுக்குச் சில நாட்களாகக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கும் போயிருக்கிறார். அது மூளையைத் தாக்கிய பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அன்றே மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். மூர்த்தி சாரும் எங்களோடு வேலை பார்த்த பாபுவும் நானும் கபர்ஸ்தான் சுவரோரம் ஒதுங்கி நின்றோம். பர்வீனின் அத்தா எங்களைப் பார்த்துவிட்டு, "வாங்க, நீங்களும் மண் போடுங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

அன்று வர முடியாத நம் அலுவலக நண்பர்கள் பலர் வெளியூர்களிலிருந்து எனக்கு எழுதினீர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுத என்னால் முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பர்வீனை அறியாத ஒருவர் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லிக்கொண்டே போகிறேன்.

குரோம்பேட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, முதல் மாடியில், நாம் ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். விண்வெளியில் போகும் ஒரு பெரிய கப்பல். அதில் முந்நூறு தொழிலாளிகள். வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே புகுந்து எல்லோரையும் அழித்துவிடுகிறது. பழுது பார்க்கும் ஆள் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான்; அவன் கையில் துப்பாக்கி. இந்தக் கதையைத் தனி ஒருவர் ஆடுவது ஒரு பகுதி, நாம் 'சிங்கிள்' என்போம். பலர் இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவது இன்னொரு பகுதி, 'மல்டி'. மல்டிக்கு நிரல் எழுதியவன் நான். விளையாட்டை வெளியிடவிருந்த வெளிநாட்டுக் கம்பெனி அதற்கு வைத்த பெயர் நம் யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசிவரை அதைக் 'கப்பல்' என்றே சொன்னோம்.

பர்வீன் வேலை கேட்டு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சிவில் டிப்ளமா படித்தவர். வேளச்சேரியில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு வீடியோ கேம்கூட ஆடியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மூர்த்தி சார், நாம் அதுவரை செய்திருந்த கப்பலின் உட்பகுதியைத் திரையில் காட்டினார். பர்வீன் நெடுநேரம் பார்த்தார்.

"இங்க யார் சார் குடியிருக்காங்க?"

"ஏலியன்ஸ்மா."

"அவங்க வர்றதுக்கு முன்னாடி?"

"முந்நூறு லேபர்ஸ்."

"முந்நூறு பேருக்கு டாய்லெட் எங்க சார்?"

அறையில் எல்லோரும் சிரித்தோம். பர்வீன் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்தபோது மூர்த்தி சாரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எப்ப ஜாயின் பண்றீங்க?" என்றார்.

முதல் சில வாரங்கள் அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. திரையில் காட்சி சுழலச் சுழல அவருக்குத் தலை சுற்றும். எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுப்பார். முகம் கழுவிக்கொண்டு வந்து, இஞ்சி மரப்பா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி உட்காருவார். "வேற வேலை பாக்கலாமே, ஏன் இந்தக் கஷ்டம்?" என்று கேட்டேன். "வேளச்சேரில நான் போடற பிளான் எல்லாத்தையும் ஓனர் வந்து அரை அடி, ஒரு அடின்னு குறைச்சிடுவார், சீலன். இங்க இடத்துக்குப் பஞ்சமே இல்ல" என்றார். திருமணம் முறிந்து பொழிச்சலூரில் பெற்றோரிடம் திரும்பி வந்திருந்த காலம் அது. அதை அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர் கட்டிய முதல் பகுதி உணவுக்கூடம். நீங்கள் ஆடியிருப்பீர்கள். கதவு திறக்கிறது, நீள மேசைகள், பாதி சாப்பிட்ட தட்டுகள், ஒரு நாற்காலி மட்டும் பின்னால் தள்ளிக் கிடக்கிறது. எதிரி வருவதில்லை. கூடத்தைக் கடந்து, சமையலறையைக் கடந்து, பாத்திரம் கழுவும் இடத்தைக் கடந்தாலும் வருவதில்லை. நம் சோதனையாளன் பாபு பம்மல் பையன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான். "யக்கா, இன்னா யக்கா இது, சுட்றதுக்கு ஒண்ணுமே இல்ல. பேஜாரா கீது" என்றான். பர்வீன் நிதானமாகச் சொன்னார்: "பயப்படறதுக்கு டைம் குடுக்கணும் பாபு. வந்தவுடனே சுட்டா அது பயம் இல்ல, வேலை." பாபு முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஆடினான். அந்தக் கூடத்தின் கடைசியில், குளிர்பதன அறைக்குப் பக்கத்தில் அது வந்தபோது, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான்.

அவர் எப்போதும் சரியாகவே இருந்தார் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. சரக்குக் கிடங்குப் பகுதியை நிஜக் கிடங்குபோலவே கட்டிவிட்டார். எல்லா வழியும் ஒன்றுபோல இருந்தது. ஆடியவர்கள் எல்லோரும் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சுவரில் ஒரு அம்புக்குறி போடச் சொன்னோம். "கப்பல்ல வேலை செஞ்சவனுக்கு வழி தெரியும்ல? அவனுக்கு எதுக்கு அம்பு?" என்று பல நாள் மறுத்தார். கடைசியில் மூர்த்தி சார் கோபப்பட்ட பிறகு போட்டார். போட்டுவிட்டு அன்று மாலைவரை யாரோடும் பேசவில்லை.

மல்டியில் அவர் ஆடியதுதான் நமக்கு வாய்த்த பெரிய வேடிக்கை. வேலை முடிந்ததும் அலுவலகக் கணினிகளை இணைத்து இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுவோமே, அதில் பர்வீனை எந்த அணியும் விரும்பி எடுத்ததில்லை. எதிரே யார் வந்தாலும் சுடுவார். பெரும்பாலும் வந்தது சொந்த அணி ஆளாகத்தான் இருக்கும். "யக்கா, நான் நம்ம ஆளு யக்கா!" என்று பாபு கத்துவான். "நீ பேர் சொல்லிட்டு வாடா, எல்லாரும் ஒரே ஹெல்மெட் போட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். அடுத்த வாரமே இரண்டு அணிக்கும் வேறு வேறு நிறத் தோள்பட்டை வந்தது. அதுவும் அவர் செய்ததுதான்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. வெளியிடும் கம்பெனி சிங்கிளை முழுதாக எடுத்துவிடச் சொல்லியிருந்தது. இனி எல்லோரும் சேர்ந்து ஆடுவதுதான் எடுபடும், கதை வேண்டாம், மல்டி மட்டும் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்று. மூர்த்தி சார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சிங்கிளுக்காகப் பர்வீன் கட்ட வேண்டியிருந்த ஒன்பது அத்தியாயங்களில் நான்கு முழுதாக முடிந்திருந்தன. ஐந்தாவது பாதியில் நின்றிருந்தது. கூட்டத்தில் என் கருத்தைக் கேட்டபோது, நேரம் போதாது, அவர்கள் சொல்வது சரிதான் என்றேன். என் கணக்கில் அதுதான் உண்மை. இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன்.

கீழே டீக்கடைக்கு வந்தபோது பர்வீன் என்னிடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகளின் இரைச்சல். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

"சீலன், உங்க மல்டிக்கு எத்தனை பேர் வேணும்?"

"குறைஞ்சது ரெண்டு பேர். நல்லா இருக்கணும்னா எட்டு."

"கூட ஆட யாரும் இல்லாதவன் வாங்கினா?"

"நெட்ல யாராவது இருப்பாங்க."

"இல்லைன்னா?"

 அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு மேலே போனார். நேராக மூர்த்தி சாரிடம் சென்று, வெளிநாட்டுக்காரரோடு தான் பேச வேண்டும் என்றார். சார் தயங்கினார். "உங்களுக்குக் கெட்ட பேர் வராது சார். ஒரே கேள்விதான் கேப்பேன்" என்றார்.

அந்த வாரத் தொலைபேசிக் கூட்டத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பர்வீனின் ஆங்கிலம் சுற்றிவளைக்காதது. இதை ஒருவன் காசு கொடுத்து வாங்குகிறான், அவன் ஆட உட்காரும் நேரத்தில் வேறு யாரும் இல்லை, அவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று கேட்டார்.  மறுமுனையில் இருந்தவர், யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. முடிந்திருக்கும் நான்கு அத்தியாயங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கென்று மேற்கொண்டு ஒரு நாளும் தர முடியாது.

மூர்த்தி சார் இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். பர்வீன், "ஐஞ்சாவதுக்குப் போற கதவைப் பூட்டிடறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தார். அதன் பிறகு முழுக்க மல்டிக்காகத்தான் உழைத்தார். உணவுக்கூடத்தின் ஒரு பிரதியை எட்டுப் பேர் ஓடிச் சுடும் களமாக மாற்றித் தந்தார்; வழிகளை அகலமாக்கினார், சமையலறைச் சுவரை இடித்தார், மேலே ஒரு நடைபாலம் போட்டார். "வீட்டை உடைச்சுக் கல்யாண மண்டபம் ஆக்கியிருக்கேன், நல்லா ஆடுங்க" என்றார். மல்டி ஆடியவர்கள் அதிகம் தேர்ந்தெடுத்த களம் கடைசிவரை அதுதான்.

விளையாட்டு வெளிவந்தது. பெரிதாகப் போகவில்லை, முற்றிலும் வீணாகவும் இல்லை. இரண்டு ஆண்டுகூட ஆகாமல் வெளிநாட்டுக் கம்பெனி மல்டி ஓடிய சர்வர்களை நிறுத்தியது. நம் கம்பெனி அதற்கு முன்பே கலைந்துவிட்டது. நான் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தேன். பர்வீன் மறுபடி வீட்டு வரைபடங்களுக்கே போய்விட்டார். சர்வர் நின்ற செய்தி எப்படியோ தெரிந்து என்னை அழைத்தார்.

"உங்க பக்கம் மூடிட்டாங்களாமே, சீலன்."

"ஆமா. இனிமே மல்டின்னு அழுத்தினா வெறும் கறுப்புத் திரைதான். உங்க நாலு சேப்டர்தான் மிச்சம். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. மண்டபத்துல ஆள் இல்லைன்னா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். அவர் குரலை நான் கேட்டது அதற்குப் பிறகு சில முறைகள்தான்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் போயிருக்கும். பர்வீனின் அத்தா அழைத்தார். பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். "தம்பி, பிள்ளை என்னமோ கேம் பண்ணுச்சாமே. நாங்க பாத்ததே இல்ல. வந்து காட்ட முடியுமா?" என்றார்.

பொழிச்சலூர் வீட்டில் பர்வீனின் கணினியிலேயே அதை ஓடவிட்டேன். பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் அத்தியாயம் தொடங்கியதும் நான் வழக்கம்போல ஓடினேன், சுட்டேன். திரையில் ரத்தம். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சுடாதீங்க தம்பி. சும்மா நடந்து காட்டுங்க."

"சுடலைன்னா நாம செத்துடுவோம், அங்கிள்."

"அப்படியா?" என்று யோசித்தார். அப்போதுதான், சோதனைக்காக நாம் வைத்திருந்த ஒரு கட்டளை ஞாபகம் வந்தது. எதிரிகள் எல்லோரையும் நீக்கிவிடும். அடித்துப் பார்த்தேன், வேலை செய்தது. கப்பல் காலியாகிவிட்டது. மெல்ல நடக்க ஆரம்பித்தோம்.

அந்தக் கப்பலில் நான் அதுவரை ஓடியிருக்கிறேனே தவிர நடந்ததே இல்லை. படுக்கை அறைகளில் ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு. படித்துக்கொண்டே தூங்குகிறவனுக்குக் கை எட்டும் உயரத்தில். துணி காயப்போடக் கயிறு. குழந்தைகளே இல்லாத கப்பலில், உணவுக்கூட மூலையில் ஒரேயொரு உயரமான குழந்தை நாற்காலி. அதை எதற்கு வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் அதைப் பார்த்ததும் என் கையைத் தொட்டு நிற்கச் சொன்னார். நின்றோம். 

டீ கொண்டுவந்த பர்வீனின் அம்மா திரையை எட்டிப் பார்த்து, "இதுல பர்வீன் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"அவங்க இதுல வரமாட்டாங்கம்மா. இது முழுக்க அவங்க கட்டினது."

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை மூவரும் காலி மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது, எந்த விசையை அழுத்தினால் முன்னால் நடக்கலாம், எதை அழுத்தினால் கதவு திறக்கும் என்று பெரியவருக்குக் காட்டிக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் அழைத்தார்.

"தம்பி, கிடங்கைத் தாண்டி கடைசியில ஒரு கதவு. என்ன பண்ணாலும் திறக்க மாட்டேங்குது."

"அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, அங்கிள். அவங்க கட்டி முடிக்கல. நேரம் குடுக்கல."



"சரி தம்பி. இந்தப் பக்கம் நிறைய இருக்கு. நான் இன்னும் முழுசாப் பாக்கல" என்றார்.

பர்வீனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, கப்பலின் ஒரு பிரதி. இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும் எதிரிகளை நீக்கிவிட்டு உள்ளே போகிறேன். அந்தக் குழந்தை நாற்காலிக்கு எதிரே சற்று நேரம் நிற்கிறேன். எங்கும் ஓடுவதில்லை.