வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. நாத்தனார் போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் என் பிள்ளைகளோடு சேர்த்து நானே வளர்த்துக் கல்யாணம் செய்து அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், எழுதுவது அதைவிட மெதுவு. அதற்காக எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. இன்னொருத்தர் எழுதினால் அவர் கதையாகிவிடும் என்றுதான் நானே பேனாவை எடுத்தேன்.

இது நடந்தது போன தீபாவளிக்கு, செம்பாக்கத்தில் எங்கள் தெருவில். ஆனால் தொடங்கியது அதற்கு முந்தின வருஷத்து மழையில். ஏரி நிறைந்து தண்ணீர் வீட்டுக்குள் முட்டிக்கால் அளவு வந்துவிட்டது. நாங்கள் மாடி வீட்டில் தங்கினோம். தண்ணீர் வடிந்ததும் கட்டிலுக்கு அடியில், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததையெல்லாம் தெருவில் எடுத்துப் போட்டோம். கவர் பிரிக்காத வாளிகள், மூடி போட்ட டப்பாக்கள், கால்மிதிகள், நைட்டிகள், ஜூஸ் பிழிகிற மிஷின் ஒன்று. எனக்குச் சர்க்கரை. யாருக்கு ஜூஸ் பிழிய அதை வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

குப்பை வண்டியோடு வந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா ஆயா, உள்ள கடை கிடை வச்சிருந்தியா?"

தெருவே சிரித்தது. எதிர் வீட்டுக்காரி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். முப்பது வருஷச் சிநேகிதி, அதனால் அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது.

பொங்கல் வந்தது. வாசலில் பானை பொங்கும்போது எல்லோரும் கூடி நிற்க, எனக்கு ஒரு வேகம் வந்தது. "அடுத்த பொங்கல் வரைக்கும் சோறு, மருந்து, சோப்பு, இத்த விட்டா வேற ஒண்ணும் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நீயாக்கா?" என்றாள் எதிர் வீட்டுக்காரி. "ஆடித் தள்ளுபடி வரட்டும், பாக்கலாம். அதுல தப்பிச்சாலும் தீபாவளி கீது. எங்க போவ?"

என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். போனில் பார்த்துப் பார்த்து எதையாவது வாங்குவாள். அவள் அப்பாவுக்கும் அவளுக்கும் அந்தப் பார்சலால்தான் வீட்டில் ஓயாத சண்டை. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆயா, நீ பண்ணா நானும் பண்றேன். ஆனா நீ விட்டா நானும் அன்னிக்கே விட்டுடுவேன், சொல்லிட்டேன்."

அப்போதே வாங்குகிற ஆப்பை அழித்துவிட்டாள். அதற்குப் பிறகு இது என் ஒருத்தியின் வீம்பு இல்லை என்று எனக்குப் புரிந்தது. நான் வழுக்கினால் அவளும் வழுக்குவாள், வீட்டில் பழையபடி சண்டை வரும்.

முதல் மாதம் கை அரித்தது. தாம்பரம் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனால் இரண்டு பக்கமும் டப்பாக்கள் என்னைப் பார்த்துப் பல்லிளிக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். மின்சார ரயிலில் ஊக்கு, சீப்பு, கர்சீப் விற்கிறவர் ஒருவர் உண்டு. அவரைப் பார்த்தால் எதையாவது வாங்காமல் நான் இறங்கியதில்லை. ஒரு நாள் அவர் வருவதைப் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னாம்மா, மூஞ்சியத் திருப்பிக்கினே? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நல்லாகீதும்மா! உன்ன மாதிரி பெட்டிக்கு நாலு பேரு கெளம்பினா நான் வூட்ல குந்திக்க வேண்டியதுதான்." எனக்குச் சுருக்கென்றது. பின்னால் வந்த அவர் மனைவியிடம் வேர்க்கடலை வாங்கினேன். கடலை சோற்றுக் கணக்கில்தானே சேரும்?

பார்சல் கொண்டுவருகிற தம்பி ஒரு நாள் பக்கத்து வீட்டுக்கு வந்தவர், எங்கள் கதவையும் தட்டினார். "பாட்டிம்மா, பாப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? பார்சலே வர்றதில்லையே!" பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆடி வந்தது. எதிர் வீட்டுக்காரி பை பையாகக் கொண்டுவந்து என் எதிரிலேயே பிரித்துப் பிரித்துக் காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றேன். ஆடியும் போனது.

ஆனால் தீபாவளி வேறு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பழசைக் கட்டினால் அந்த வருஷம் விளங்காது என்று கேட்டு வளர்ந்தவள் நான். கஷ்டப்பட்ட காலத்தில்கூட ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சட்டையும் பாவாடையும் தைத்தாவது போட்டிருக்கிறேன். இப்போது எனக்கும் இல்லை, பேத்திக்கும் இல்லை. உள்ளுக்குள் பயம்.

என் மகன் ஒரு வழி சொன்னான். "அம்மா, நான் வாங்கித் தரேன். நீ வாங்கலையே, நான்தானே வாங்கறேன்?"

எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறியது. நிமிர்ந்தால், பேத்தி தட்டில் இருந்த தோசையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"வேணாம்பா" என்றேன். "தெருவ ஏமாத்திடலாம். இவள ஏமாத்த முடியாது."

சொல்லிவிட்டேனே தவிர வழி தெரியவில்லை. வெள்ளம் எட்டாத பீரோவின் மேல்தட்டைக் குடைந்தேன். அங்கே இருந்தது, வைத்துக் கொடுத்த அடுக்கு! விசேஷத்துக்குப் போனால் வெற்றிலை பாக்கோடு புடவையோ ரவிக்கைத் துணியோ வைத்துக் கொடுப்பார்களே, அது. பிடிக்காததை மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்து, அடுத்த விசேஷத்தில் இன்னொருத்திக்கு வைத்துக் கொடுத்துவிடுவோம். எல்லோரும் செய்வதுதான், யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் என்னிடம் இருந்த நிறம் ஒன்றுகூட எனக்கு ஆகாது. அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. எனக்கு ஆகாதது இன்னொருத்திக்கு ஆகும். அவளுக்கு ஆகாதது?

செருப்புக்கூடப் போடாமல் எதிர் வீட்டுக்கு ஓடினேன். "ஏய், உன் பீரோவத் தொற!"

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் பாய் விரித்தோம். தெருப் பெண்கள் எல்லோரும் பையோடு வந்துவிட்டார்கள். இரண்டே விதி போட்டேன். கட்டாத புடவையாக இருக்க வேண்டும். யார் கொடுத்தது என்று கேட்கக் கூடாது.

அடடா, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! "ஏய், அந்த அரக்கு எனக்கு!" "நீ போன வருஷமே அரக்குதானடி கட்டின!" "கண்ணாடி எங்க, கண்ணாடி எங்க?" என் மருமகள் ஆபீசுக்குப் போகிறவள், அதிகம் பேச மாட்டாள். அவளே ஒரு மாம்பழக் கலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அத்தை, இதை யாருக்கும் தராதீங்க ப்ளீஸ்" என்றாள். பணம் இல்லை, பேரம் இல்லை. எந்த ஜவுளிக் கடையிலும் எனக்கு அப்படி நெஞ்சு படபடத்ததில்லை.

அப்போது கடைசி வீட்டு டீச்சரம்மா பையிலிருந்து ஒன்றை எடுத்துப் பாயில் வைத்தார். கத்திரிப்பூ நிறம், கிளிப்பச்சை பார்டர். குனிந்து பார்த்தேன். தாம்பரத்தில் கடைக்காரர் அலுத்துப்போகும் வரை பிரித்துப் பார்த்து, எதிர் வீட்டுக்காரி வீட்டை இடித்துக் கட்டிக் குடிபோனபோது நான் வைத்துக் கொடுத்த புடவை! மூலையில் நான் தொட்டு வைத்த மஞ்சள்கூட அப்படியே இருந்தது. என்னைப் போலப் புடவை எடுக்க இந்தத் தெருவில் ஆள் இல்லை என்று மார்தட்டுகிறவள் நான்.

"இது உங்களுக்கு ஏது டீச்சரம்மா?"

"யார் குடுத்ததுன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க?"

"ரூல் கெடக்கட்டும். ஏது?"

டீச்சரம்மா மெதுவாகப் பக்கத்தில் இருந்த தையற்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் எதிர் வீட்டுக்காரியைப் பார்த்தாள். எதிர் வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். "அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்கா."

"குந்துடி!"

"கோச்சுக்காதக்கா. கத்திரிப்பூவுக்குக் கிளிப்பச்சை பார்டரு! எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு, இன்னாடி, கரகாட்டத்துக்குக் கூப்ட்டுக்கீறாங்களான்னு கேட்டாரு. நான் இன்னா பண்றது?"

எனக்கு முகமெல்லாம் சூடு. ஒரு வார்த்தை சுருக்கென்று சொல்லியிருப்பேன். அதற்குள் பேத்தி அந்தப் புடவையைப் பிரித்து என் தோளில் போட்டு, கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

"ஆயா, பாரேன். உனக்குன்னே நெய்த மாதிரி இருக்கு!"

பார்த்தேன். நிஜம்தான். அப்போது நினைவு வந்தது. கடையிலும் அதை என் தோளில் போட்டுத்தான் பார்த்தேன், எதிர் வீட்டுக்காரியின் நிறத்தை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் கூடமே வெடித்தது. அந்தச் சிரிப்பில் வாசலில் ஒரு குரல்.

"இன்னா ஆயா, இப்ப நெஜமாவே கடை வச்சிட்டியா?"

குப்பை வண்டி அம்மா! "வச்சிட்டேன்டி! உன் வூட்லயும் கட்டாத பொடவ கெடக்கும். எடுத்துக்கினு ஓடியா!" என்றேன். வேலை முடிந்து வந்தாள். அவள் கொண்டுவந்த மயில் நீலத்தை என் பேத்தி பாய்ந்து எடுத்தாள். அந்த அம்மா எங்கள் அடுக்கிலிருந்து ராமர் பச்சை எடுத்தாள்.

தீபாவளி அன்று எண்ணெய் குளித்து, மூலையில் மறுபடி மஞ்சள் வைத்து, கத்திரிப்பூ சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்தில் மயில் நீலத்தில் பேத்தி. எதிர் வீட்டுக்காரி அதிரசத் தட்டோடு வந்தாள். "தோத்துட்டேன்கா" என்றாள். "ஆனா அந்த பார்டரு இன்னும் எனக்குக் கண்ணு கூசுது."

பொங்கலும் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். மறுவாரம் ரயிலில் அந்த மனிதரிடம் ஒரு அட்டை ஊக்கு வாங்கினேன், வீட்டில் நிஜமாகவே தீர்ந்திருந்தது. பேத்தி ஆப்பைத் திரும்பப் போட்டிருக்கிறாள். பார்சல் எப்போதாவது வருகிறது, சண்டை வரவில்லை. பிறருக்கென்று நான் தேடித் தேடி வாங்கியதில் பாதி என் ஆசைதான் என்று, தெரு சுற்றித் திரும்பி வந்த அந்தப் புடவை காட்டிவிட்டது. இப்போதும் யாருக்காவது எதையாவது எடுக்கக் கை நீளும்போது, இது அவளுக்கா எனக்கா என்று ஒரு தரம் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிடுகிறேன். கண்ணு, இங்க வா. முதல்லேர்ந்து ஒரு தரம் படிச்சுக் காட்டு, சரியா எழுதியிருக்கேனான்னு பாப்போம். கத்திரிப்பூ சேலை வர்ற இடத்தில மட்டும் ஜன்னலத் தொறந்துட்டுச் சத்தமா படி. எதிர் வீட்டுக்குக் கேக்கட்டும்.