காலையில் மட்டும் தூக்காத லோடர்

“அந்த ஆபரேட்டர நிறுத்தியாச்சுங்க தம்பி. நீங்கதான எழுதிக் குடுத்துட்டுப் போனீங்க? இப்பவும் வண்டி அப்படியேதான் பண்ணுது. என்ன சொல்றீங்க?”

காங்கேயம் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் மில் ஒன்றின் வாசலில் மில்காரர் என்னை இப்படிக் கேட்டார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். கோவை உக்கடத்தில் ஒரு ஹைட்ராலிக் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பத்து நாள் முன்பு முதல் தடவை வந்திருந்தேன். கொப்பரையும் புண்ணாக்கும் அள்ள மில்லில் ஒரு பழைய ஸ்கிட் ஸ்டீர் லோடர் இருந்தது. நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும் குட்டி வண்டி. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து, கப்பலேறி இங்கே வந்தது. சுமையைத் தூக்கும் ஆர்ம் மேலே ஏறவில்லை, ஹைட்ராலிக் பம்ப் கத்துகிறது என்பது புகார். கோவையில் பஸ் பிடித்து நான் போய்ச் சேரும்போது உச்சிவெயில். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தேன். பிரஷர் சரி. பிரஷர் எகிறாமல் காக்கும் ரிலீஃப் வால்வ் சரி. டேங்கில் ஆயில் அளவும் சரி. ஆர்ம் ஜம்மென்று ஏறி இறங்கியது.

ஆபரேட்டர் மயில்சாமி, நாற்பது வயதுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “காலைல பார்த்தீங்கன்னாங்க...” என்று ஆரம்பித்தார்.

“மெக்கானிக்கே நல்லாருக்குதுங்கறாரு. நீ என்னடா?” என்று மில்காரர் அதட்டினார். மயில்சாமி பின்னால் நகர்ந்துகொண்டார்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதினேன். வண்டியில் குறை இல்லை. ஆபரேட்டர் ஓட்டும் முறை சரியில்லை. அந்த இரண்டாவது வரியை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. காரணம் என்று ஏதாவது எழுதாவிட்டால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அவ்வளவுதான். எழுதிவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். அந்த வரியால் ஒரு மனிதரின் வேலை போயிருந்தது.

இந்த முறை கிளம்பும்போதே பட்டறை ஓனர் சொல்லியிருந்தார்: “இந்த வாட்டியும் சும்மா போயிட்டு வந்தீன்னா, அப்படியே உங்க ஊருக்குப் பஸ் ஏறிக்க.”

போய்ச் சேர்ந்தது மறுபடியும் மத்தியானம்தான். வண்டி மறுபடியும் ஜம்மென்று வேலை செய்தது! புது ஆபரேட்டரிடம் கேட்டேன். “காலைல ஒரு மணிநேரம் மட்டுந்தானுங்க மக்கர் பண்ணுது. வெயில் ஏறுனா சரியாப் போயிருது” என்றார். மயில்சாமி சொல்ல வந்ததும் இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று மில்லிலேயே தங்கினேன். வண்டி ஓடாமல் இருக்க வேண்டுமே என்று சாமி கும்பிட்ட மெக்கானிக் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காலை ஆறு மணிக்கு நல்ல குளிர். ஸ்டார்ட் செய்ததும் பம்ப், சரளைக்கல் அரைப்பதுபோலக் கத்தியது. ஆர்ம் முழங்கால் உயரம் ஏறி நின்றுவிட்டது. அந்தச் சத்தம் வந்தால் பம்புக்கு ஆயில் போகவில்லை என்று அர்த்தம். உடனே நிறுத்தி, ஆயிலை இறக்கி, டேங்குக்குள் பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் வலையான சக்சன் ஸ்ட்ரெய்னரைக் கழற்றினேன். வலை தெரியாமல் வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது.

மில்காரர் அதை விரலால் வழித்துத் தேய்த்தார். உருகியது. மோந்து பார்த்தார். பரம்பரையாக எண்ணெய் ஆட்டுகிறவருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது?

“நம்ம எண்ணெய்யிங்க” என்றார் மெதுவாக. “சித்திரைல ஓஸ் பைப்பு வெடிச்சு ஆயிலு கொட்டிப்போச்சு. நல்ல வேலை நேரம். கோயமுத்தூருக்கு ஆளனுப்ப நேரமில்ல. நம்ம எண்ணெய்யுக்கு என்ன கொறைச்சல், ரெண்டு டின்னு ஊத்துடான்னு நான்தானுங்க சொன்னேன்.”

கோடை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து ஸ்ட்ரெய்னரை அடைத்திருக்கிறது. மில் முழுக்க அதே வாசம் என்பதால் ஆயிலில் வாசம் வந்ததும் எனக்குத் தெரியவில்லை.

“நீங்களே போயி மயில்சாமியக் கூட்டிட்டு வந்துருங்க தம்பி. எனக்குச் சங்கட்டமா இருக்குது” என்றார் மில்காரர். எனக்கு மட்டும் சங்கடம் இல்லையா?

மயில்சாமியின் வீடு வெள்ளகோவில் ரோட்டில். வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“எண்ணெய்ய ஊத்துனது நான்தானுங்க” என்றார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“முதலாளி ஊத்தச் சொன்னத, முதலாளி முன்னால நானா எப்படிங்க சொல்றது? நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலீங்களே.” காற்றடிக்கும் பம்பைக் கீழே வைத்தார். “காயிதத்துல என்னன்னுங்க எழுதியிருந்தீங்க? முதலாளி காட்டுனாரு. இங்கிலீசுங்க, எனக்குத் தெரியல.”

பூசி மெழுகியிருக்கலாம். மனசு வரவில்லை. எழுதியதை அப்படியே தமிழில் சொன்னேன். தண்ணீர்ச் சொம்போடு வந்த அவர் மனைவி நின்றுவிட்டார்.

மயில்சாமி மனைவியைக் காட்டிச் சொன்னார்: “பத்து நாளா இவ எம்மேல வருத்தமா இருக்கறாளுங்க, நான் என்னமோ தப்புப் பண்ணிப்போட்டேன்னு. நான் ஒழுங்காத்தான் ஓட்டுனேன்னு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க.”

சொன்னேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மயில்சாமி வேலைக்கு வந்தார். டேங்கை, ஓஸ்களை, சிலிண்டர்களைக் கழுவிப் புது ஆயில் ஊற்றும்வரை இருந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். ஸ்பேனரை எடுக்கும் முன்னால் ஆபரேட்டரைத் தனியாக அழைத்துப்போய், “எப்பங்க இப்படிப் பண்ணுது, அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். ரிப்போர்ட்டைத் தமிழில் எழுதுங்கள். கையெழுத்துப் போடும் முன் அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அவர் முகத்துக்கு நேரே படிக்க முடியாத வரி என்றால் அடித்துவிடுங்கள்.