விழுந்த கதை சொல்லும் சுந்தராம்பாள்

சுந்தராம்பாள் ஒரு குழந்தையிடம் பேச உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு எங்கள் ஆப்பரேஷன் தியேட்டர் நேரத்துக்கு ஆரம்பிக்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு அந்தத் தியேட்டருக்குள் கால் கடுக்க நிற்கிற நர்ஸ் நான்தான்.

நானும் அவளும் ஒன்றாக நர்சிங் படித்துவிட்டு, பெரம்பலூரில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளுக்கு ஊர் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு, அறுப்பு என்று போனவர்கள். பேரும் அப்பத்தா பேர். நல்ல உயரம், அதற்கேற்ற சுற்றளவு, வாய் ஓயாத பேச்சு. முகவாயில் ஒரு தழும்பு, முழங்கையில் ஒன்று, நெற்றியோரத்தில் ஒன்று. அவள் விழாத இடம் அவள் ஊர் ஜில்லா, எங்கள் ஜில்லா இரண்டிலும் கிடையாது. சைக்கிள் பழகும்போது விழுந்தாள், டவுன் பஸ் படிக்கட்டில் விழுந்தாள், சர்டிபிகேட் வாங்க மேடை ஏறும்போது எல்லார் முன்னாலும் விழுந்தாள். வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள். இவள் அதை நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிகிறாள்.

எங்கள் மயக்க மருந்து டாக்டர் அமிர்தலிங்கம் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். எந்தக் குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதானாலும், சமீபத்தில் தலையில் அடிபட்டதா என்று முதலில் கேட்டாக வேண்டும். வெளியே கீறல்கூட இருக்காது, ஆனால் உள்ளே மூளை குலுங்கியிருக்கலாம். அது ஆறுவதற்கு முன்னால் மயக்கம் கொடுக்காமல் இருப்பதே நல்லது, அவசரமில்லாத ஆப்பரேஷன் என்றால் தள்ளிப்போடலாம் என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தத் தாய் ஆமாம் என்பாள்? "எம் புள்ளைய நான் கீழ வுடுவனா?" என்று அவளுக்கு ரோசம் வந்துவிடும். பிள்ளையும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டும். அதனால்தான் டாக்டர் அந்த வேலையைச் சுந்தராம்பாளிடம் கொடுத்தார்.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டாள். கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இந்தத் தழும்பு எப்புடி வந்துச்சுன்னு சொல்லட்டா?" என்று தொடங்குவாள். ஒன்று சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைக்கு வாய் துறுதுறுக்கும். தான் விழுந்தது இதைவிடப் பெரிய விழுகை என்று சொல்லாமல் இருக்க முடியாது. மரத்தில் இருந்து, மாடியில் இருந்து, மாட்டுவண்டியில் இருந்து என்று எல்லாம் வெளியே வந்துவிடும்.

போன வருஷம் செந்துறையில் இருந்து இலக்கியா என்று ஒரு சிறுமி டான்சில் ஆப்பரேஷனுக்கு வந்தாள். அப்போது நாலாம் வகுப்பு. அப்பா அறிவரசன் சிங்கப்பூரில் கட்டட வேலை. லீவில் வந்தவர், அடுத்த வாரமே திருச்சியில் விமானம் ஏற வேண்டும். அவர் இருக்கும்போதே ஆப்பரேஷன் ஆகிவிட வேண்டும் என்று சொன்னது பெரியவர்கள் இல்லை, இலக்கியாதான். எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம், "எங்கப்பா எங்கூடவே இருப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வருஷம் அவள் காய்ச்சலில் கிடந்தபோதும், ஆண்டுவிழாவில் ஆடியபோதும் அப்பா போனில்தான் இருந்தார்.

சுந்தராம்பாள் வழக்கம்போலக் கட்டிலில் ஏறினாள். நேரமாகிறதே என்று நானும் முகமூடியோடு வந்து பக்கத்தில் நின்றேன். சைக்கிள் கதை, பஸ் கதை, மேடைக் கதை மூன்றும் ஆயிற்று. இலக்கியா உதட்டைச் சுழித்தாள்.

"இதெல்லாம் ஒரு வுழுகையா? நானும் எங்கப்பாவும் வண்டியோட வுழுந்தோம். ரோட்டுல மக்காச்சோளம் காயப் போட்டுருந்தாங்களா, அதுல ஏறுனதும் வண்டி சர்ருன்னு போச்சு. நான் பறந்து போயி மைல்கல்லுல டொங்குன்னு…"

சட்டென்று அப்பாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கலையரசி மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எப்பங்க?"

"அது… அவ ஏதோ கனவு கண்டத சொல்றா" என்றார் அறிவரசன்.

"போன வாரம்மா" என்றாள் இலக்கியா, இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு. "அம்மாகிட்ட சொல்லாதன்னு அப்பா புரோட்டா வாங்கிக் குடுத்தாரு. அத அப்பறம் வாந்தி எடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலையரசி பார்த்த பார்வையில் அதை முகமூடிக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். சுந்தராம்பாள் சிரிக்கவில்லை. தலை வலிக்குதா, புத்தகம் படித்தால் எழுத்து ஆடுதா என்று அதே கதை சொல்லும் குரலில் கேட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், இலக்கியா தள்ளாடினாள். கத்தரிக்காய், கிணறு, குடை என்று மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். கத்தரிக்காயும் கிணறும் வந்தன. குடை வரவில்லை. அவள் விரலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பக்கத்தில் நின்ற அறிவரசனுக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. அதுவரை பெண்டாட்டிக்குப் பயந்த மனிதர், இப்போது வேறொன்றுக்குப் பயந்தார்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு ஒன்றும் இல்லை. "மூளை நல்லா குலுங்கியிருக்கு. ஓய்வு குடுத்தா தன்னால ஆறிடும். டான்சில் எங்கயும் ஓடிடாது, நாலு வாரம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர்.

நாலு வாரம் என்றதும் இலக்கியா அழுத அழுகை ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்டது. "ஏன்தான் வாயத் தொறந்தனோ" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சுந்தராம்பாள் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, தியேட்டர் உள்ளுக்கு ஒங்கப்பாவ வுடவே மாட்டாங்க தெரியுமா? வெளிய பெஞ்சுலதான் குந்தியிருப்பாரு."

இலக்கியாவுக்கு இது புதுச் செய்தி. அழுகையை நிறுத்தினாள். "அப்ப உள்ள யாரு இருப்பா?"

"நான்."

"கதை சொல்லுவீங்களா?"

"யாருக்கும் சொல்லாத கதையா சொல்றேன்."

மிச்சமிருந்த லீவில் அறிவரசன் போக வேண்டிய விருந்து, விசேஷம் எல்லாம் நின்றுபோயின. டிவி கூடாது, போன் கூடாது, ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மகளுக்குத் துணையாக அவரும் வீட்டிலேயே கிடந்தார். பல்லாங்குழி ஆடினார், சடை பின்னிவிட்டார், அந்தச் சடையைக் கலையரசி அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். இவ்வளவு நாள் சேர்ந்தாற்போல அப்பாவைத் தன் பக்கத்திலேயே இலக்கியா வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவையாம். கலையரசி பிறகு எங்களிடம் சொன்னாள், கோபமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

ஆனால் சிங்கப்பூர் போனபிறகும் அவருக்கு அந்தக் குடை நெஞ்சிலேயே நின்றது. தினமும் போன் செய்து, நேற்று என்ன சாப்பிட்டாய், டீச்சர் என்ன சொன்னார் என்று மகளைச் சோதித்துக்கொண்டே இருந்தாராம். "எம் வண்டியிலதான வுழுந்துச்சு" என்று சுந்தராம்பாளிடமும் போனில் அழுதிருக்கிறார். மறுபரிசோதனையில் இலக்கியா தள்ளாடாமல் நின்றாள், வார்த்தைகளையும் தப்பில்லாமல் சொன்னாள். டாக்டர் திருப்தியாகத் தலையசைத்தார். அப்பாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

ஆப்பரேஷன் அன்று இலக்கியா சுந்தராம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்குள் நடந்தே வந்தாள். மேஜையில் படுத்ததும், "சொன்ன கதை?" என்றாள்.

"எனக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருந்தாங்க. மாப்பிள்ளைய நான் பாத்ததே இல்ல. அவரு வூட்டுக்கு வராருன்னதும், ஒளிஞ்சு பாக்கலாம்னு தலை நெறைய மல்லியப்பூவோட வைக்கப்போருல ஏறுனேன்…"

டாக்டர் மயக்க மருந்து முகமூடியை இலக்கியாவின் மூக்கில் வைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றும் தாமதம், கோபமாகத்தான் இருந்தது.

"அவரு வாசல்ல வந்து எறங்குனாரு. நான் எட்டிப் பாத்தேன். வைக்கோல் சரிஞ்சு நான் நேரா மாட்டு முன்னால வுழுந்தேன். அது என்ன பண்ணுச்சு, எந் தலையில இருந்த பூவ…"

இலக்கியா தூங்கிப்போனாள். சுந்தராம்பாளும் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை நானும் கேட்டதில்லை. ஆப்பரேஷன் முழுக்க எனக்கு அந்த மாட்டின் ஞாபகம்தான்.

முடிந்து இலக்கியாவை வெளி அறைக்குக் கொண்டுவந்தோம். கலையரசியை உள்ளே விட்டார்கள். அவள் கையில் இருந்த போனில் அறிவரசன், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு, வேலை இடத்தில் ஏதோ சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "பாப்பா, அப்பா யாருன்னு தெரியுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இலக்கியா கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு சுந்தராம்பாளைத் தேடிப் பிடித்து, கரகரத்த குரலில் கேட்டாள்.

"பூவ மாடு தின்னுடுச்சா?"

கலையரசிக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்தில் பிள்ளை உளறுகிறது என்று பயந்துபோனாள். நான்தான் சொன்னேன், உளறவில்லை, தூங்குமுன் கேட்ட கதையை விட்ட இடத்திலிருந்து பிடிக்கிறாள் என்று. போனில் அறிவரசன் ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "மறக்கல. எம் புள்ள எதையும் மறக்கல" என்று மட்டும் கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை யாரும் பார்க்கவில்லை.

"கொடையும் ஞாபகம் இருக்குப்பா" என்றாள் இலக்கியா.

அவளைப் பேசவிடக் கூடாது, தொண்டைப் புண் என்று டாக்டர் அதட்டினார். அதட்டிவிட்டு அங்கேயே நின்றார். அறிவரசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சிஸ்டர், மாடு என்ன பண்ணுச்சுங்க?" என்றார். அடுத்த கேஸ் வாசலில் காத்திருந்தது. நானும் நகரவில்லை.

"தின்னுடுச்சு" என்றாள் சுந்தராம்பாள். "மாட்டு வாயில இருந்து பூவப் புடுங்கறப்பதான் எங்க வூட்டுக்காரரு என்னைய மொதமொதல்ல பாத்தாரு."