நிரூபிக்க வேண்டியது யார்

சட்டத் துறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கமா மேடம்' என்றால்தான் தெரியும். மசோதாக்களுக்கு வாசகம் எழுதுவது அவள் வேலை. ஒரு கமா இடம் மாறினாலும் திருடன் தப்பித்துவிடுவான் என்று வாதாடி, மேலதிகாரிகளின் உயிரை வாங்குவாள்.

பொய் விளம்பரங்களுக்கும், போட்டிப் பொருளோடு ஒப்பிட்டு மட்டம் தட்டும் விளம்பரங்களுக்கும் எதிரான விதிகள் பல பழைய சட்டங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே சட்டமாகத் தொகுக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. அதில் அவள் உயிராக நினைத்தது ஒரே ஒரு பிரிவைத்தான்: 'எங்கள் பொருள்தான் மேல்' என்று சொல்பவனே அதை நிரூபிக்க வேண்டும், வாங்கி ஏமாந்தவன் அல்ல.

உதாரணத்துக்காகக் கோப்பில் ஒரு சுவரொட்டியின் படத்தை வைத்திருந்தாள். தராசின் ஒரு தட்டில் சர்க்கரை நோய் மாத்திரைகள், மறுதட்டில் ஒரு மூலிகைப் பொடி டப்பா. 'மாத்திரையைவிட இரண்டு மடங்கு பலன்!'

வீட்டில் அவளும் தம்பியும்தான். தம்பி லிஃப்ட் மெக்கானிக், வாய் ஓயாதவன். "அக்கா, நீ எழுதுற சட்டத்தைப் படிச்சா தூக்க மாத்திரையே வேணாம்" என்பான். அவனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. பாதத்தில் புண் வந்தபோது செருப்பு கடித்தது என்று மழுப்பினான். கால் கறுத்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் அவன் அலமாரியைத் திறந்தாள். சட்டைகளுக்குப் பின்னால் சுவரொட்டியில் இருந்த அதே பொடி டப்பாக்கள்.

அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?"

"கேட்டா திட்டுவே. அவ்வளவு பெருசா போட்டிருந்தான்கா. பொய்யா இருந்தா கவர்மெண்ட் விட்டுவைக்குமான்னு நெனச்சேன்."

அந்த கவர்மெண்டில் சம்பளம் வாங்குகிறவள் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

மசோதா பற்றிய அடுத்த கூட்டத்தில், விளம்பரக் கம்பெனிகளுக்காக வந்திருந்த வக்கீல் அவளுடைய பிரிவைத்தான் பிடித்துக்கொண்டார். "சொல்ற ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் கேட்டா யாரும் வாயே தெறக்க முடியாது."

துறைச் செயலாளர் தலையாட்டினார். "புகார் குடுக்கறவங்களே நிரூபிக்கட்டும். மாத்திடுங்கம்மா."

"ஏமாந்தவன் எங்க சார் போவான்? பரிசோதனைக்கூடம் அவன் வீட்லயா இருக்கு?" அவள் குரல் உடைந்தது. "என் தம்பிக்குக் காலே போயிடுச்சு சார்."

யாரோ தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு" என்றார் செயலாளர், நிஜமான வருத்தத்தோடு. "ஆனா சொந்தக் கதைய வெச்சு சட்டம் எழுத முடியாதில்லையா?"

வேறு யாராவது எழுதினால் இன்னும் மோசமாகும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அவளே அந்தப் பிரிவை மாற்றி எழுதினாள். சட்டம் நிறைவேறியது. எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

வீட்டில் தம்பி செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. "உன் சட்டம் வந்துடுச்சாமே! இனிமே அந்தப் பொடிக்காரனை உள்ள தள்ளலாமா?"

"புகார் குடுக்கலாம். ஆனா அவன் சொன்னது பொய்யின்னு நீதான் நிரூபிக்கணும்."

"நானா? நான் எப்படிக்கா நிரூபிக்கறது? எந்தப் புண்ணியவான் இப்படி எழுதினான்?"

"நான்தான்."

அவன் ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தாள். டி.வி.யை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

புகார் எதுவும் கொடுக்கவில்லை. லிஃப்ட் வேலைக்கும் அவனால் திரும்பப் போக முடியவில்லை. கட்டிலுக்கு அவள் தட்டைக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வான். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டால், தலையை மட்டும் அசைப்பான்.