ஆயிரம் நாமங்களுக்குப் போன பூ

வசந்தாமணி அக்கா மளிகை வாங்கப் போனாலும் நேராகக் கடைக்குள் நுழைய மாட்டார். பார்க்கிங் லாட் ஓரத்து வேலியில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். ஃப்ரீவே சுவர்களில் படர்ந்து கிடக்கும் ஐவி கொடியை எல்லோரும் ஒரே செடி என்று நினைத்துக் கடந்துபோகிறோம். இலையின் அடியில் இருக்கும் பொடி ரோமம் ஒரு வகையில் நட்சத்திரம்போல விரிந்திருக்கும், இன்னொரு வகையில் செதில்போல ஒட்டிக் கிடக்கும். அதை வைத்து அவற்றைப் பிரித்து எழுதியவர்களில் அக்காவும் ஒருவர்.

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கோயம்புத்தூரில் தாவரவியல் படித்தவர். சான் ஹோசேயில் சிப் கம்பெனியில் இருந்த வெள்ளியங்கிரி அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து, இங்கே மறுபடியும் படித்து, ஒரு தாவரத் தோட்டத்தின் ஹெர்பேரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி, இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. தடித்த குச்சிகள் பசைக்கு நிற்காது, தாளோடு சேர்த்துத் தைக்க வேண்டும். எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது, இங்கிலீஷ் பேச வாய் வராது, ஆனால் ஊசி பிடிக்க வரும். என் விசாவில் சம்பளம் வாங்கக் கூடாது என்பதால் வாலன்டியராகப் போய்த் தைத்துக் கொடுப்பேன். யாரும் அதிகம் பேசாத இடம். எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவின் மனசு முழுக்க அப்போது ஒரு மரத்தின்மேல் இருந்தது. பக்கத்து ஊர் சன்னிவேலில் ஒரு வீட்டு வாசலில் நின்ற ரோவன் மரம். குளிர் நாட்டு மரம் அது, சாதாரணமாகச் சிவப்புக் காய் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இந்த மரத்தின் காய் வெள்ளை, நுனியில் மட்டும் ரோஜா நிறம். முன்பு அந்த வீட்டில் இருந்த அமெரிக்கர் சீன மலைகளுக்குச் செடி பார்க்கப் போனபோது கொண்டுவந்த விதை. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று அக்காவுக்குப் பட்டது. காயையும் இலையையும் தொண்ணூற்றேழிலேயே எடுத்துக் காயவைத்துவிட்டார். பூ மட்டும் பாக்கி. பூவையும் காயையும் பார்த்து எழுதினால்தான் மற்றவர்கள் புது இனம் என்று ஒப்புக்கொள்வார்கள்.

அதே விதையில் ஒரு பங்கு இங்கிலாந்துக்கும் போயிருந்தது. அங்கே ஒருவர் அதே மரத்தை வளர்த்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர் மரம் தவறாமல் பூக்கும். ஆனால் காய் பழுக்கும் முன்பே குருவிகள் தின்றுவிடும். அந்த வருஷம் அவர் மரத்துக்கு வலை வாங்கிவிட்டார் என்று அக்காவுக்குத் தெரியவந்தது. ஏப்ரலில் பூ கிடைத்தால் அக்கா முதலில் அச்சில் போடலாம். தவறினால் இலையுதிர் காலத்தில் அவர் முந்திவிடுவார். யார் முதலில் அச்சில் வைக்கிறார்களோ அவர்கள் வைத்த பெயர்தான் நிற்கும்.

சன்னிவேல் மரம் தொண்ணூற்றெட்டு வசந்தத்தில் குளிர் போதாமல் பூக்கவே இல்லை. அந்த டிசம்பரில்தான் கார் கண்ணாடியைச் சுரண்ட வேண்டிய அளவுக்குக் குளிர் வந்தது. அதன் தயவில் தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் மொட்டு விட்டது. வீட்டுக்காரர் தமிழ்ப் பையன், சாஃப்ட்வேர் வேலை. வியாழக்கிழமை அவரே போன் செய்து, "ஆன்ட்டி, சனிக்கிழமைக்குள்ள விரிஞ்சிடும்" என்று சொன்னார்.

சனிக்கிழமை காலை அக்காவும் நானும் போனோம். பூவை அழுத்திக் காயவைக்கும் மரச் சட்டம் என் மடியில் இருந்தது. காரை நிறுத்திவிட்டு அக்கா இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் பார்த்தேன். மரத்தில் இலை மட்டும்தான் இருந்தது.

கதவைத் திறந்தவர் பையனின் அப்பா, கஸ்தூரிரங்கன். சென்னையிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பளிச்சென்று திருமண், வேட்டிக்கு மேலே ஸ்வெட்டர், காலில் சாக்ஸ்.

"வாங்கோ வாங்கோ. பையன் காஸ்ட்கோ கடைக்குப் போயிருக்கான். காபி சாப்பிடறேளா?"

"அங்கிள், முன்னாடி மரத்துல பூ இருந்துச்சுங்களே?"

"இருந்துது! வாசனைதான் சுமார், ஆனா என்ன வெள்ளை! மாம்பலத்துல ஒரு முழம் பூவுக்குப் பேரம் பேசறேன், இங்க வாசல்லயே பெருமாள் கொட்டி வெச்சிருக்கார். இன்னிக்கு சனிக்கிழமையோன்னோ, சஹஸ்ரநாம அர்ச்சனை பண்ணிட்டேன். ஒரு நாமத்துக்கு ஒரு பூ. ஆத்துல துளசியில பண்ணுவேன். இங்க துளசிக்கு எங்க போறது?"

பெட்ரூம் கிளாசெட்டில் துணிகளைத் தள்ளிவிட்டுப் பூஜை அலமாரி வைத்திருந்தார்கள். பெருமாள் படத்துக்கு முன்னால் தாம்பாளம் நிறைய, பொரியை அள்ளிப் போட்டதுபோல, ஒவ்வொன்றாக உதிர்த்த பூ. காம்பு இல்லை, கொத்து இல்லை.

அக்கா மண்டி போட்டு உட்கார்ந்தார். "தொடலாமுங்களா?"

"இருங்கோ, நானே தரேன்" என்று ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம் கழுத்தில் தொங்கிய லென்ஸை வைத்துப் பார்த்தார். பூவின் நடுவே நிற்கும் மெல்லிய இழைகளை எண்ணினார். "இது நாலு. இதுவும் நாலு. இது அஞ்சு." தலையைத் தூக்கினார். "அங்கிள், எல்லாமே இந்த மரத்துப் பூதானுங்களா?"

"சாட்சாத் இந்த மரம்தான்."

அவர் விரல்களில் முள் கீறியிருப்பதை நான் பார்த்தேன். ரோவனுக்கு முள் கிடையாது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். கையை மடக்கிக்கொண்டார்.

"கடைசியில கொஞ்சம் குறைஞ்சுது. மூலை வீட்டு வேலியில இதே மாதிரி வெள்ளையா இருந்துது. பாதியில நிறுத்த முடியுமோம்மா? நாமம் பாக்கி இருக்கே!"

அக்கா சிரித்துவிட்டார். காபியும் குடித்தோம். பூ எதற்கு வேண்டியிருந்தது என்று அக்கா சொன்னதும் அங்கிள் முகம் சுருங்கிப் போனது. "பையன் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

திரும்பும்போது காரில் நான்தான் கேட்டேன். "பிரிச்சிடலாமே அக்கா? எது எந்தப் பூன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பிரிக்கலாம் கண்ணு. நாலு இழை இருக்கறது நம்மளுது, அஞ்சு இருக்கறது வேலியோடதுன்னு பிரிப்பேன். அப்புறம் நம்ம மரத்துப் பூவுக்கு நாலு இழைன்னு எழுதுவேன். எனக்கு வேணும்கறதை நானே பொறுக்கி எடுத்துட்டு, அதையே கண்டுபிடிச்சேன்னு சொல்றதா?"

அன்று மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. வெள்ளியங்கிரி அண்ணன் கேட்டுவிட்டு, "பெருமாள் கேஸு. அப்பீலும் போக முடியாது" என்றார். பிறகு சீரியஸாக, "ஏம்மணி, அந்த வெள்ளைக்காரன் சன்னிவேல் வந்து வேலியை எண்ணிப் பார்க்கப் போறானா? எழுதி அனுப்பு. ரெண்டு வருஷமா இதுக்காக அலைஞ்சிருக்கறே" என்றார். மகள் யாமினியும், "ஜஸ்ட் யூஸ் இட், அம்மா" என்றாள்.

அக்கா எனக்கு ரசம் ஊற்றினார்.

திங்கட்கிழமை ஹெர்பேரியத்துக்கு வந்ததும் போனை எடுத்து இங்கிலாந்துக்குப் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பிறகு அக்கா பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

"என்னக்கா?"

"என்கிட்ட காய் இருக்கு, உங்ககிட்ட பூ வரப்போகுது, வலைக்குக் காத்திருக்க வேண்டாம்னு சொன்னேன். இந்த வகை ரோவன் மகரந்தம் சேராமயே விதை வைக்கும். ஒரு பை விதையில வந்த மரமெல்லாம் ஒரே அச்சு. அவர் மரத்துப் பூ நம்ம மரத்துக்கும் செல்லும்."

"அப்போ பேரு?"

"சேர்ந்து வைப்போம்."

ரெண்டு வருஷமாகத் தனியாக வைக்கவிருந்த பெயர். அக்கா அதைச் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுக்க ஒரு இலையைக்கூட லென்ஸில் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரம் போய் நின்றார், வந்தார், மறுபடி போய் நின்றார்.

சன்னிவேல் மரத்தில் அந்த வருஷம் காய் இல்லை. பூ போனால் காய் ஏது. கஸ்தூரிரங்கன் அங்கிள் ஊருக்குத் திரும்பும்வரை எந்தப் பூவைப் பறிக்கும் முன்பும் அக்காவுக்குப் போன் செய்வார். "பக்கத்தாத்து மஞ்சப் பூவைத் தொடலாமா? இல்லே, அதுக்கும் இன்னும் பேர் வைக்கணுமா?" என்பார். அக்கா ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கும் கேட்கவிடுவார்.

ஜூன் மாதம் இங்கிலாந்துப் பூங்கொத்து செய்தித்தாளுக்குள் அழுந்திக் காய்ந்து வந்து சேர்ந்தது. அக்கா பெட்டியைப் பிரித்த கையோடு லென்ஸை வைத்தார். ஒவ்வொரு பூவாகப் பார்த்துக்கொண்டே போனார். நாலு வந்தது, நாலு வந்தது, சிலவற்றில் அஞ்சும் வந்தது.

"பாத்தியா?" என்றார். "பிரிச்சிருந்தா இந்த அஞ்சையெல்லாம் வேலிக்குத் தள்ளிட்டிருப்பேன்."

அடுத்த வருஷம் கட்டுரை அச்சில் வந்தது. காயின் நிறத்தை வைத்து அக்கா சொன்ன பெயர்தான் மரத்துக்கு. அதன் பின்னால் வைத்தவர்கள் இரண்டு பேருடைய பெயரும், இங்கிலாந்துக்காரருடையது முதலில். பூங்கொத்தைத் தாளில் தைப்பதற்காக என்னிடம் கொடுத்தபோது, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"அவர் பேரு முன்னாடி வந்திருக்கே அக்கா."

"ஏ, பி, சி வரிசை கண்ணு" என்றார். "அந்தக் குச்சி நுனி தூக்குது பாரு. அங்க இன்னொரு தையல் போடு."