முதல் தேதிக்காகப் போட்ட துளை

ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் சைலன்சர் மாட்டுகிறவன், தன் வாய்க்கு ஒன்று மாட்ட மறந்துவிட்டான் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். சைலன்சர் என்றே அவனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

முதல் தேதியிலிருந்து புதிய புகை அளவு அமலுக்கு வருகிறது என்று அரசாங்கம் எப்போதோ சொல்லிவிட்டது. யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? கழுத்துக்கு வெள்ளம் வந்த பிறகுதான் எல்லோருக்கும் பயம் பிடித்தது. நேற்றுவரை சோதனையில் தேறிய பழைய வண்டி இனித் தேறாது, தேறாத வண்டி தெருவில் ஓடக் கூடாது. கடைசி வாரம் பட்டறையில் நிற்க இடமில்லை.

சைலன்சருக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். வண்டிக்கு அடியில் ஓடும் புகைக்குழாயின் நடுவில் சின்னதாக ஒரு துளை போட்டால் வெளிக்காற்று உள்ளே கலக்கும், சோதனைக் கருவியில் எண் இறங்கிவிடும். புகையும் அதே துளை வழியாகக் கசியும் என்பதால், சோதனை முடிந்த கையோடு அதை அடைத்துவிட வேண்டும்.

தையல் ஆலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன்காரனும் வந்து நின்றான். சைலன்சரின் மனைவி வேலைக்குப் போவது அந்த வேனில்தான்.

"வண்டி நின்னுபோச்சுன்னா அண்ணியும்தான் நடக்கணும், பாத்துக்கங்க."

"வாயை மூடுடா. பாஸானதும் நேரா இங்க வா, அடைச்சுத் தர்றேன்."

"வராம எங்க போகப் போறேன்."

முதல் தேதியும் வந்தது, கூடவே விடாத மழையும் வந்தது. ஐந்தாம் தேதி காலையில், துளை போட்டுக்கொண்டு போன ஒரு கார்க்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"கண்ணாடிய ஏத்திட்டு வந்தேம்பா. தலை வெடிச்சுடும்போல இருக்கு. இந்தக் கண்றாவியை முதல்ல அடை."

சைலன்சருக்கு அப்போதுதான் வேன் ஞாபகம் வந்தது. வேன்காரன் வரவே இல்லை. இவனும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அடப்பாவி, புத்தி எங்கே மேயப் போயிருந்தது! மழைக்கு வேன் கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருக்கும். கடைசி இருக்கைக்குக் கீழே தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடப்பதை அவனே பார்த்திருக்கிறான். அவன் மனைவி உட்காருவது அந்த இருக்கையில். விடியுமுன் எழுந்து வீட்டுவேலை முடித்துவிட்டு வரும் பெண்கள் வேனில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். மயங்கிக் கிடந்தாலும் தூக்கம் என்றுதான் வேன்காரன் நினைப்பான்.

மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேன்காரனும் எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் பறந்தான். வண்டி இரண்டு முறை சறுக்கியது. கடவுளே, அவளை மட்டும் விட்டுவிடு என்று வழியெல்லாம் புலம்பினான்.

ரயில்வே கேட் மூடியிருந்ததால் வேன் அங்கே நின்றுகொண்டிருந்தது, எஞ்சின் ஓடியபடி. கதவை இழுத்துத் திறந்தான். ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகள் சாய்ந்து கிடந்தன. அவன் போட்ட கூச்சலில் ஒவ்வொருத்தியாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். கடைசி இருக்கை மட்டும் அசையவில்லை.

அவளைத் தூக்கிவந்து மழையிலேயே கிடத்திக் கன்னத்தில் தட்டினான். மறுபடியும் தட்டினான். கடைசியில் இருமிக்கொண்டு கண் திறந்தாள். போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது.

"ஏங்க அழறீங்க? எனக்கு ஒண்ணுமில்ல." அவள் அவனைக் கிட்டே இழுத்துக் காதருகே சிரித்தாள். "நாலு நாளா இப்படித்தான். தலை சுத்துது, வாந்தி வருது. நிச்சயமானதும் சொல்லலாம்னு இருந்தேன். இத்தனை வருஷம் கழிச்சு நம்ம வீட்டுக்கு ஒரு ஆள் வரப்போகுதுங்க."

வேன் புது அளவில் தேறியதும் நாலு நாளைக்கு முன்னால்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ணே," என்றான் வேன்காரன்.

டாக்டர் குழந்தை இல்லை என்று சொன்னால் அவள் தாங்கமாட்டாள். இருக்கிறது என்று சொன்னால், அதுவும் நாலு நாளாக அந்தப் புகையில்தான் இருந்திருக்கிறது. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அவன் அவளைத் தூக்கினான்.