மருந்து இலவசம், வழிதான் செலவு

போன மார்கழியில் செல்வி அக்கா கொழும்பில் இருக்கும் எனக்குப் போன் பண்ணினார். "அப்பா நாலு மாசமா சரியா சாப்பிடலம்மா. லயத்து வீட்ட விட்டு வெளிய வர மாட்டேங்கிறாரு. நேத்து, அம்மா போன எடத்துக்கே நானும் போயிர்றேன்னு சொல்றாரு."

அக்காவின் அப்பா எனக்குப் பெரியப்பா. வயது எழுபது. வட்டகொடைப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா இறந்ததிலிருந்து இப்படித்தான். மறுநாளே ரயில் ஏறினேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்கும் மருந்தும் இலவசம். அப்புறம் ஏன் போகவில்லை? தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வி அக்கா சொன்னார்: "ஒரு தடவ போனோம். மாத்திரை தந்தாங்க. ஆட்டோக்கு காசு, அன்னைக்கு சம்பளமும் இல்ல. அடுத்த மாசம் விட்டுட்டேன்."

மறுநாள் காலை 5.40க்கு பெரியப்பாவை ஆட்டோவில் ஏற்றினேன். தலவாக்கலைக்கு எட்டு கிலோமீட்டர், 900 ரூபாய். அங்கிருந்து பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு 170. கிளினிக்கில் எங்கள் நம்பர் 23. கூப்பிட்டபோது 11.15. (அந்த மலைக் குளிருக்கு ஸ்வெட்டர் போட மறந்தது என் முட்டாள்தனம்.)

டாக்டர் சிங்களத்தில் கேட்டதை நர்ஸ் தமிழில் சொன்னார்: "மனசுல என்ன ஓடுதுங்க ஐயா?"

பெரியப்பா தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "காலைல எந்திரிச்சா யாருகிட்ட பேசுறதுன்னு தெரியலங்க."

இது வயசுக் கோளாறு இல்லை, மனச்சோர்வு, குணமாகும் என்றார் டாக்டர். மருந்து நின்றுபோன காரணத்தைச் சொன்னேன். உடனே ஒரு கடிதம் எழுதினார்: மாதாந்த மருந்தைத் தலவாக்கலைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம், இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்.

"கேட்டிருந்தா அன்னைக்கே எழுதிக் குடுத்திருப்போமே," என்றார் நர்ஸ். கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

திரும்பும்போது தலவாக்கலையிலிருந்து ஆட்டோ ஓட்டிய ரிஸ்வான் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அங்க மருந்தெடுக்க இன்னும் ரெண்டு பேர் போறாங்க தங்கச்சி. மூணு பேரும் ஒண்ணாப் போனா ஆளுக்கு முந்நூறுதான்."

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை, டாக்டர் மருந்து எழுதும் கிளினிக் கொப்பி இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். எட்டு மணிக்கு முன் போங்கள். கிட்டத்தில் மருந்து எடுக்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சாகணும் என்று யாராவது சொன்னால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே எந்த ஆஸ்பத்திரிக்காவது கொண்டு போங்கள்.

பத்து வாரம் கழித்து அக்கா போன் பண்ணினார். "குழம்புல உப்பு பத்தலன்னு அப்பா இன்னைக்கு சண்ட போட்டாருடி!" அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்துவிட்டன.